முக்கால் டம்ளர் மழை

மழையை அளப்பது கஷ்டமான வேலை இல்லை, மேடம். பால் அளக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். காலை எட்டரைக்கு மழைமானியின் புனலைத் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஜாடியை எடுத்து, அதில் இருப்பதைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்ற வேண்டும். பிறகு குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் தப்பும். மூட்டு வலி வந்த பிறகும் நான் குனிந்துதான் பார்த்தேன்.

நீங்கள் மேஜைமேல் பாலிதீன் பையில் கட்டி வைத்திருப்பது அந்த ஜாடிதான். என்னுடையதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்காக நீங்கள் விசாரணையில் ஒரு நாளை வீணடிக்க வேண்டாம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு தானியக் குடோனில் எடை போட்டேன். என் தராசில் ஒரு கைப்பிடி கூடவும் போனதில்லை, குறையவும் போனதில்லை. முதலாளிக்கும் என்னைப் பிடிக்காது, மூட்டை கொண்டுவருபவர்களுக்கும் பிடிக்காது. அதுதான் ஒழுங்கான எடைக்காரனுக்கு அடையாளம். குடோனை மூடியபோது எனக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை. ஒரே தங்கை, அவள் புருஷன், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் வேலி போட்ட முற்றமும் நல்ல கையெழுத்தும் உள்ள ஓர் ஆளைத் தேடி வந்தார்கள். என்னிடம் இரண்டும் இருந்தன.

திட்டம் எளிமையானது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்து மக்காச்சோளம் போடுபவர்களுக்கானது. வயலுக்கு யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். பயிர் காய்ந்ததா நின்றதா என்று கேட்கமாட்டார்கள். விதைப்பு தொடங்கி நாற்பது நாளில் என் ஜாடியில் மொத்தம் நூற்றிருபது மில்லிமீட்டர் மழை சேர வேண்டும். சேர்ந்தால் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் குறைந்தாலும் போதும், பாலிசி எடுத்த அத்தனை வீட்டுக்கும் மனு இல்லாமல், அலைச்சல் இல்லாமல் பணம் வந்துவிடும். மறுபடி ஒருமுறை விதைக்கவோ, கூலிக்கு ஆள் வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தவோ அது போதும். அதற்குக் கட்ட வேண்டியது ஒரு மூட்டை உரத்தின் விலைகூட இல்லை.

வீடு வீடாகப் போய் நான்தான் சேர்த்தேன். முதலில் சிரித்தார்கள். "மழை பெய்யாததுக்குக் காசு குடுக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்கிறோம்" என்றார்கள். என்னை மழைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டலாக வந்த பேர், ஒரு வருஷத்தில் மரியாதையான பேராகிவிட்டது. முதல் பாலிசி எடுத்தவர் என் தங்கை புருஷன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் ஓயாத மனுஷன். என்னைச் சீண்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "மச்சான் கடுகு போற இடத்தை ஆராய்வாரு, பூசணிக்காய் போற இடம் தெரியாது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவார். ஆனால் நான் நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படியுங்கள் என்றேன். "நீங்க படிச்சாச்சுல்ல, போதும்" என்றார்.

முதல் வருஷம் நல்ல மழை. அந்த வருஷம் நடந்த ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு நாள் காலை ஈரப் படியில் கால் வழுக்கி ஜாடியைக் கவிழ்த்துவிட்டேன். தண்ணீர் எல்லாம் மண்ணுக்குப் போய்விட்டது. ஜாடியில் கழுத்துவரை இருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். குவளையைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், வெறும் குவளையை எப்படி அனுப்புவது? சமையலறைக் குழாயில் கழுத்துவரை பிடித்தேன், அளந்தேன், எழுதினேன். நடந்ததை நடந்தபடி காட்டத்தான் ஊற்றினேன். அன்று ஊற்றாமல் இருந்திருந்தால்தான் அது பொய்.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். அந்த ஜாடிக்கு வானமும் தெரியாது, குழாயும் தெரியாது. இன்னொன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் புனலின் வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது பத்து மில்லிமீட்டர் மழை. எடை போட்டுப் பழகியவனுக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பது ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை.

இரண்டாம் வருஷம் வானம் ஏமாற்றியது. முப்பதாவது நாள்வாக்கில் ஏரியா மேனேஜர் பைக்கில் வந்தார். நல்ல மனுஷன். உட்கார்ந்ததும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"பக்கத்து வட்டாரத்துல ரெண்டு வருஷம் தொடர்ந்து குடுத்தோம் சார். இந்த வருஷம் அங்க ஸ்கீமே கிடையாது. மேல மூடிட்டாங்க."

"இங்கயும் மூடிருவாங்களா?"

"உங்க ஊரு நல்ல ஊரு சார். இதுவரைக்கும் ஒரு க்ளெய்ம் இல்ல. இப்படியே போனா பத்து வருஷம் ஓடும்."

அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அவர் போன பிறகு நான் நிறைய யோசித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு சேர்ந்திருந்தது. இந்த வருஷம் எல்லோருக்கும் கொடுத்தால் ஒரு வருஷக் கஷ்டம் தீரும். அடுத்த வருஷம் கம்பெனி கடையைச் சாத்திவிடும். அதற்கடுத்த வருஷம் பஞ்சம் வந்தால் யார் இருக்கிறார்கள்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் கட்டியவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். ஒரு வருஷத்தைப் பார்ப்பதா, பத்து வருஷத்தைப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்.

முப்பத்தெட்டாவது நாள் நூற்று மூன்று இருந்தது. கடைசி இரண்டு நாளும் விடிகாலையில் பல் தேய்க்கும்போது நாளுக்கொரு டம்ளர் ஊற்றினேன். எட்டரைக்கு வந்து குனிந்து பார்த்தேன். குவளை காட்டியதை எழுதினேன். பதிவேட்டை நீங்கள் முழுக்கப் பார்த்திருப்பீர்கள். ஜாடியில் இல்லாத ஓர் எண்ணையும் அதில் நான் எழுதியது கிடையாது. காற்றில் போன அரை மில்லிமீட்டரைக்கூடச் சேர்த்து எழுதவில்லை.

ஊரில் கேட்டார்கள். உங்கள் வீட்டில் மட்டும் எப்படி மழை என்றார்கள். மழைமானி இருக்கும் இடத்தில் விழுந்ததுதான் கணக்கு, காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று பொறுமையாகப் படித்துக் காட்டினேன். பால்காரம்மா மட்டும் விடவில்லை.

"மாட்டுக்கு ஒரு கொம்பு நனைஞ்சு ஒரு கொம்பு காயும்னு சொல்லுவாங்க. எப்பவும் உங்க வீட்டுக் கொம்புதான் நனையுது மழைக்காரரே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வருஷம் ஏழு வீட்டைப் பூட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போனார்கள். மறு வருஷம் அதில் ஐந்து வீடு திரும்பி வந்து பாலிசியைப் புதுப்பித்தது எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்றாம் வருஷம், அதாவது போன வருஷம், அதைவிட மோசம். நான் மாட்டிக்கொண்டது அப்போதுதான். பணம் கொடுக்கும்படி ஆனால் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து மழைமானியைக் கழற்றிப் பார்ப்பார்கள், பழைய பதிவேட்டைப் புரட்டுவார்கள், பக்கத்து ஊர்க் கணக்கோடு ஒப்பிடுவார்கள். ஒரு வருஷம் ஊற்றியவன் மறு வருஷமும் ஊற்றித்தான் ஆக வேண்டும். புலி வாலைப் பிடித்தவன் கதை. பயமும் ஒரு காரணம் என்று நீங்கள் எழுதினால் மறுக்கமாட்டேன். முதல் காரணம் அது இல்லை.

அந்த வருஷம் மாப்பிள்ளை ஒரு வேடிக்கை செய்தார். வயலில் ஒரு கம்பை நட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டினார். மழை பெய்தால் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டு அளப்பார். "நானும் மழைக்காரன்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ தான் வித்தியாசம் இருக்கும். கெட்டிக்காரர். வேறு வாழ்க்கை கிடைத்திருந்தால் நல்ல எடைக்காரனாக வந்திருப்பார்.

முப்பத்தொன்பதாவது நாள் சாயங்காலமும் வந்தார். தங்கையும் கூட வந்திருந்தாள். உள்ளே என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பதிவேட்டின்மேல் விரல் வைத்துக் கூட்டினார்.

"நூத்திப் பதினாலு. ஆறு கம்மி. நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. வந்துரும்ல மச்சான்?"

"வானத்தை யாரு கண்டா மாப்பிள்ளை."

"வந்துட்டா ஆள் வெச்சு, சிமெண்ட் உறை இறக்கி, கிணத்தை முறையா ஆழப்படுத்திருவேன். வரலைன்னா நானேதான் இறங்கணும்."

"பக்கமெல்லாம் பொலபொலன்னு உதிருதே. அதுல போய் இறங்குவீங்களா?"

"அதான் சொல்றேன். வரணும்."

உள்ளேயிருந்து தங்கை, "அண்ணே, அவரை இறங்க வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு" என்றாள். நான் சொன்னேன். இறங்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்கு அவளே சாட்சி. மாப்பிள்ளை தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் குவளை ஏழரை மில்லிமீட்டர் காட்டியது. மொத்தம் நூற்றிருபத்தொன்றரை.

மாப்பிள்ளை தன் டப்பாவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"ஏழரைன்னு காட்டுது. சரிதான், நமக்கு ஏழரை பிடிச்சிருக்கு மச்சான்" என்று சிரித்தார். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல எங்கயோ ஓட்டை இருக்கு" என்றார்.

அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருந்தது. அதை என்னிடம் காட்டினார். "பாத்தீங்களா? ஒழுகியிருக்கு. உங்க கணக்கு தப்பாது." என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, மெழுகை உருக்கி ஊற்றி அந்தக் கீறலை அடைத்தார். தீப்பெட்டி நான்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் கிணற்றில் இறங்கினார். இரண்டாம் நாள் மதியம் வடக்குப் பக்கம் சரிந்தது. நான் போனபோது மார்பு வரை மண்ணில் இருந்தார். கை ஒன்று வெளியே இருந்தது. பேசினார். யந்திரம் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். கயிறு கட்டி யாரையும் இறக்க முடியவில்லை, கால் வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. நான் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டேன். தங்கை என் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான்."

"பேசாதீங்க மாப்பிள்ளை. மூச்சை வெச்சுக்குங்க."

"காலுக்குக் கீழ சிலுசிலுன்னு இருக்கு. ஊறுது போல. அவகிட்ட சொல்லுங்க."

அவளிடம் சொன்னேன். தண்ணீர் வந்துவிட்டதாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மேற்குப் பக்கமும் சரிந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது, மேடம். என்னை வேறு மாதிரி நினைக்காதீர்கள். என் வாழ்க்கையில் என்னை உரிமையோடு கிண்டல் செய்த ஒரே ஆள் அவர்தான்.

பாலிசியில் விபத்துச் சாவுக்கும் ஒரு சிறு தொகை உண்டு. சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் உடனே ஆக வேண்டியதைப் பார்த்தேன். பதினோரு நாளில் செக் வந்தது. ஏரியா மேனேஜரே நேரில் கொண்டுவந்தார். தங்கை செக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நான் நிற்க, ஒரு போட்டோ எடுத்தார்கள். அதைப் பெரிதாக்கி உரக்கடைச் சுவரில் மாட்டினார்கள். இந்த வருஷம் புதிதாக முப்பத்தொரு வீடு சேர்ந்தது. கொடுக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால்தானே ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். மாப்பிள்ளை இருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

தங்கையை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அண்ணன் என்று இருந்துகொண்டு அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பாத்திரங்களையெல்லாம் தேய்த்தாள். பிறகு தேய்க்க ஒன்றும் இல்லாமல் போய், போன வாரம் இந்த ஜாடியைத் தேய்க்க எடுத்தாள்.

நான் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, இதுல மழைத்தண்ணி மட்டுந்தானே விழும்?"

"வேற என்ன விழும்?"

"உள்ளே வெள்ளை பூத்திருக்கே. நம்ம கெட்டில் அடியில பிடிக்குமே, அதே மாதிரி."

"தூசா இருக்கும்மா."

"தூசுன்னா கழுவினா போயிரும். இது உப்புக் கறை. போர் தண்ணி நின்னாத்தான் இப்படிப் பிடிக்கும். மழைத்தண்ணி கறை வைக்காது."

எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் அப்படி. பாத்திரம் தேய்க்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். இருபத்திரண்டு வருஷம் எடை போட்டேன், மூன்று வருஷம் மழையை அளந்தேன், எனக்கு இது தோன்றவில்லை. கடையில் விற்கிற கேன் தண்ணீரை ஊற்றியிருந்தால் தப்பித்திருப்பேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் தண்ணீரை ஊற்றினேன், அது உப்பை வைத்துவிட்டுப் போய்விட்டது.

 செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். மாப்பிள்ளையின் டப்பா அந்தக் கம்பிலேயே இருந்திருக்கிறது. கொண்டுவந்து, சமையல் மேடையில் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது உள்ளே பளிச்சென்று இருந்தது. அடியில் மெழுகு அப்படியே இருந்தது.

"அன்னிக்கு இது ஒழுகலை. இல்லையாண்ணே?"

 மறுநாள் காலை எட்டரைக்கு நான் வெளியே போனபோது புனலுக்கு அடியில் ஜாடி இல்லை. அவள் உங்கள் அலுவலகத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள். அன்றைக்குப் பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வருஷத்தில் நான் எழுதாமல் விட்ட முதல் நாள் அது. இந்தப் பருவத்தில் பதினேழாவது நாள். தயவுசெய்து யாரையாவது அனுப்பி ஒரு புது ஜாடி வைக்கச் சொல்லுங்கள். இருநூற்று நாற்பது வீட்டுக்காரர்கள் அதை நம்பியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டது அந்த நாற்பதாவது நாளைப் பற்றித்தான். சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மாப்பிள்ளை பாதி குடித்து வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. நூற்றிருபதை எட்ட ஆறு வேண்டும். குழாயில் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். வெளியே போய்ப் புனலில் ஊற்றினேன். ஊற்றும்போது எனக்குக் கிணறு தெரியும். உதிர்கிற சுவர் தெரியும். யார் இறங்குவார் என்று தெரியும். எல்லாம் தெரிந்துதான் ஊற்றினேன். நிதானமாக, சிந்தாமல் ஊற்றினேன்.

அவ்வளவுதான். காகிதத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். நான் படிக்காமல் போடுகிறவன் இல்லை.

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்தும் நன்றாக இருக்கிறது. ஒரே ஓர் இடம். நாலாவது வரியில், 'ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன்' என்று இருக்கிறது. அதை மட்டும் அடித்துத் திருத்துங்கள், மேடம். முக்கால் டம்ளர். தப்புக் கணக்குக்குக் கீழே நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.